ஏழு நாள் அதிகம்

ஏழே நாள்.

ஜெயக்கொடிக்கு வயது ஏழே நாள் கூடிப்போயிருந்தது.

விஷயம் தெரிந்து இரண்டு வாரம் ஆகிறது. அவன் அழவில்லை. கத்தவில்லை. நண்பன் சிக்கந்தரைத் தவிர யாரிடமும் சொல்லவும் இல்லை. காலை நாலரைக்கு அலாரம் அடித்தது, எழுந்தான். பல் தேய்த்தான். நீரியல் நோட்டைத் திறந்து, கால்வாயில் ஓடும் தண்ணீரின் வேகத்தைக் கணக்குப் போட்டான். விடை சரியாக வந்தது. எழுத முடியாத பரீட்சைக்கு ஒருவன் இரண்டு வாரமாகப் படிக்கிறான் என்றால் பைத்தியம் என்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

டெல்லியில் இருக்கிற கமிஷன் நடத்தும் பரீட்சை. தேறினால் மத்திய சர்க்கார் இன்ஜினியர். ஜெயக்கொடி பி.இ. சிவில் முடித்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே போனது. இரண்டாவது தடவை இன்டர்வியூ வரைக்கும் போய், டெல்லிக் குளிரில் இரவல் கோட்டோடு நடுங்கி, வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாவதுதான் கடைசி. அதற்காக அவனியாபுரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் பார்த்துவந்த வேலையையும் அரை நாளாகக் குறைத்துக்கொண்டு ஒரு வருஷமாகப் படித்தான்.

எப்போதும் ஜனவரி முதல் தேதியை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருந்தான். இந்த வருஷ விளம்பரத்தில் தேதியை நகர்த்திவிட்டார்கள். 1980 ஆகஸ்ட் முதல் தேதியன்று இருபத்தேழு வயது முடிந்திருக்கக் கூடாது. பள்ளி இறுதிச் சான்றான எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவன் பிறந்த தேதி 25-7-1953. ஜூலை இருபத்தைந்தில் இருபத்தேழு முடிகிறது. ஏழு நாள் அதிகம். கமிஷனுக்கு அந்தப் புத்தகம்தான் வேதம். வேறு எந்த அத்தாட்சியும் செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், அவன் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை.

வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். விளாங்குடியில் அந்த வாடகை வீட்டின் உள் அறைக்குள் சிக்கந்தர் புயலாக நுழைந்தான். கல்லூரியில் ஐந்து வருஷம் அடுத்தடுத்த பெஞ்சு. பரீட்சைகளுக்கும் சேர்ந்தே விண்ணப்பம் போடுகிறவர்கள். இந்தத் தடவை சிக்கந்தருடைய கவர் மட்டும் போன வாரமே டெல்லிக்குப் போய்விட்டது.

"மாப்ள, கதவைச் சாத்து."

"எதுக்கு? காத்து வராது."

"சாத்துன்னா சாத்து. வேர்த்தா ஒண்ணும் கரைஞ்சிர மாட்ட."

ஜெயக்கொடி சாத்தினான். சிக்கந்தர் சட்டைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். வெள்ளைத் தாள். மேலே ஒரு எழுத்து இல்லை. அடியில் மட்டும் பச்சை மையில் ஒரு கையெழுத்து, அதன்மேல் வட்ட முத்திரை, கீழே பதவிப் பெயர்: கால்நடை உதவி மருத்துவர்.

"கெஜட்டட் ஆபீசர்டா, இவரு கையெழுத்துப் போட்டா எந்த நகலும் செல்லும். மாட்டு டாக்டர். பரவைக்கு அங்கிட்டு, எந்த ஊருன்னு கேக்காத."

"வெத்துப் பேப்பர்ல எப்படிடா போட்டாரு?"

"ஒரு கையில ஊசி, ஒரு கையில பேனா. மாடு கயித்தை அத்துக்கிட்டு நிக்கிது. 'மேல ஒண்ணையும் காணமே தம்பி'ன்னாரு. 'இனிமேத்தான் அடிக்கணும் சார்'னேன். 'எங்க போடணும்'னாரு. காட்டினேன். போட்டுட்டு மாட்டுக்குப் பின்னாடி ஓடிட்டாரு. இந்த ஒரு தாள்தான். ரெண்டாவதா நீட்டுறதுக்குள்ள ஆளைக் காணோம்."

ஜெயக்கொடி தாளைப் பார்த்தான். பச்சை மை லேசாகப் பரவியிருந்தது.

"இதுல என்ன அடிக்கணும்?"

"உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு ட்ரூ காப்பி. எல்லாம் உள்ளது உள்ளபடி. தேதி மட்டும் இருபத்தொண்ணு ரெண்டு அம்பத்து நாலு. நீ நெசமாவே பொறந்த தேதி. கார்ப்பரேஷன் பர்த் எக்ஸ்ட்ராக்ட் உங்கம்மா டிரங்குப் பொட்டியிலதான இருக்கு? நான் என்ன பொய்யா அடிக்கச் சொல்றேன்?"

"இன்டர்வியூல ஒரிஜினல் கேப்பாங்களே."

"அதுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள கோர்ட்ல ஒரு மனு போட்டு புத்தகத்துலயும் தேதியை மாத்திரலாம். எம்புட்டுப் பேரு மாத்திருக்கான்! மொதல்ல பரீட்சை ஹாலுக்குள்ள கால வையி மாப்ள. இன்னைக்குப் போஸ்ட் பண்ணாத்தான் கடைசித் தேதி திங்கக்கிழமைக்கு டெல்லியில இருக்கும். அஞ்சு மணிக்கு ரயிலடி ஆர்.எம்.எஸ். தபாலாபீஸ்ல ரிஜிஸ்தர் கவுன்ட்டர் மூடிருவான்."

சந்தோஷம் வரவேண்டிய இடம் இது. குறைந்தபட்சம் பயமாவது வந்திருக்க வேண்டும். ஜெயக்கொடி காத்திருந்து பார்த்தான். இரண்டும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"சரி" என்றான்.

"சரியா? அம்புட்டுத்தானா? நான் மாட்டுச் சாணியை மிதிச்சு, செருப்பைக் கழுவி வந்திருக்கேன். ஒரு வார்த்தை..."

"யாருடா அடிக்கிறது? டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல குடுத்தா ஒரிஜினலைப் பார்த்துத்தான் அடிப்பான்."

சிக்கந்தர் திரும்பினான். சாத்திய கதவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம், முன் அறையில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த டைப்ரைட்டர் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"ரெண்டு பேரும் வெளிய வாங்கடா" என்றது ஜெயக்கொடியின் அப்பாவின் குரல்.

வெள்ளைத்துரை ஜில்லா கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் நகல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு, தீர்ப்பாணை, சாட்சி வாக்குமூலம், எது வேண்டுமானாலும் கட்சிக்காரன் மனுப் போட்டால் நகல் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. இப்போது வீட்டிலேயே ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துத் தருகிறார். பனியனோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மகனுக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"ஏழு நாளா?" என்று கேட்டார்.

"ஆமாய்யா."

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ரெண்டு வாரம்."

வெள்ளைத்துரை துணியை எடுத்து மெஷினின் உருளையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

அந்த ஜூலை இருபத்தைந்து அவர் கொண்டுவந்த தேதி. 1958 ஜூன் மாதம் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது பையனுக்கு நாலேகால் வயது. ஜூலை முடிவதற்குள் ஐந்து முடிய வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். பையன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து என்பது அன்றைய வழக்கம். நீளக் கை, தொட்டுவிட்டான். ஜூலைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு தேதியைத் தலைமை ஆசிரியரே போட்டுக்கொண்டார். வெள்ளைத்துரைக்கு ஏகக் குஷி. ஒரு வருஷம் முன்னாடி படிப்பு, ஒரு வருஷம் முன்னாடி உத்தியோகம், ஒரு வருஷம் முன்னாடி சம்பளம்! கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போது சிரிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ராமக்காள் கரண்டியோடு வந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அந்த வீட்டில் கதவு சாத்தினால் காற்றுதான் நிற்கும், பேச்சு நிற்காது.

"பெத்தவ நான். மாசி மாசம், ஞாயித்துக்கிழமை, கோழி கூப்பிட. எம்புள்ள என்னைக்குப் பொறந்தான்னு அந்த வாத்தியாரு சொல்லணுமோ? பேசாம உள்ள தேதியை அடிச்சுக் குடுங்க."

"நீ சும்மா இரு."

"இருவத்தாறு வருசமா சும்மாத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கரண்டி எதன்மேலோ டங்கென்று விழுந்தது.

வெள்ளைத்துரை கையை நீட்டினார். "கொண்டாடா அந்தத் தாளை."

ஜெயக்கொடி கொடுத்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த கார்ப்பரேஷன் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்தான். ஒரே தாள். ஒரு எழுத்து தப்பினால் வேறு தாள் இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடியில் கையெழுத்து எந்த இடத்தில் வருகிறது என்று விரலால் அளந்து பார்த்தார். தாளை ஏற்றினார். மணி பன்னிரண்டு.

சும்மா சொல்லக்கூடாது, கிழவர் கை இன்னும் கைதான். தடதடவென்று அடிக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு விநாடி நிறுத்தி, பிறகு மழை மாதிரி சீராக அடித்தார். பிறந்த தேதி வருகிற வரியிலும் அதே ஒரு விநாடிதான் நின்றார். தேதியை இலக்கத்தில் அடித்தார். அடுத்த வரியில் எழுத்தால் அடித்தார். தாண்டிப் போய்விட்டார்.

சிக்கந்தர் மூச்சு விட்டான். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"பேசாத. இன்னும் மார்க்கு இருக்கு."

அதற்குள் ஜெயக்கொடி மற்றதையெல்லாம் ஒழுங்கு செய்தான். விண்ணப்பப் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, பிறந்த தேதிக் கட்டத்தைத் தவிர. போட்டோ ஒட்டியாகிவிட்டது. போட்டோவில் இருந்தவனைப் பார்த்தான். எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தான். பரீட்சைக் கட்டணத்துக்கான போஸ்டல் ஆர்டரைக் குண்டூசியால் குத்தினான். பன்னிரண்டரைக்குக் கடைசி வரி அடித்து முடிந்தது.

"நான் சைக்கிளுக்குக் காத்து அடிச்சிட்டு வந்துர்றேன். வந்ததும் கிளம்புறோம்" என்று சிக்கந்தர் வெளியே ஓடினான்.

ஜெயக்கொடி தாளுக்காகக் கையை நீட்டினான். அப்பா தரவில்லை.

"ஒப்பிடணும்" என்றார்.

"எதுக்குய்யா? ஒரு தேதிதான..."

"மத்ததுல தப்பு இருந்தா? கணக்கு மார்க்குல ஒரு நம்பர் மாறியிருந்தா? ஒப்பிடாம என் மெஷின்லருந்து ஒரு தாள் வெளிய போனதில்லை. ஒரிஜினலை எடு."

கோர்ட்டில் நகல் என்றால் அடிப்பதோடு முடியாது. ஒருவர் நகலை உரக்கப் படிக்க வேண்டும். புள்ளி, கமா உட்பட. இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி 'சரி' சொல்ல வேண்டும். மாறியிருந்தால் மூலத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். படிப்பவர் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். வெள்ளைத்துரைக்கு வேலை குவிந்த காலங்களில் கேஸ் கட்டை வீட்டுக்கே கொண்டுவருவார். மூலத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவது ஜெயக்கொடி. பத்து வயதில் தொடங்கி காலேஜ் போகும்வரை, சாயங்காலம் தோறும். கொலைக் கேஸ், பாகப் பிரிவினை, விவாகரத்து, பாதி புரியாது. புரிய வேண்டியதில்லை. கண் மூலத்தில், காது அப்பாவின் குரலில், வாய் தானாகச் சொல்லும்.

அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அப்பா தொண்டையைச் செருமினார். குரல் மாறியது. கோர்ட் குரல்.

"செகண்டரி ஸ்கூல் லீவிங் சர்ட்டிபிகேட், ஃபுல் ஸ்டாப்."

"சரி."

"நேம் ஆஃப் தி பியூப்பில், கோலன், வி புள்ளி ஜெயக்கொடி."

"சரி."

"நேம் ஆஃப் தி ஃபாதர், கோலன், எஸ் புள்ளி வெள்ளைத்துரை."

"சரி."

வெளியே பங்குனி வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் போகும் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அப்பாவின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜெயக்கொடியின் கண் வரியிலிருந்து வரிக்கு இறங்கியது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை.

"நேஷனாலிட்டி அண்ட் ரிலீஜியன், கோலன், இந்தியன், கமா, ஹிந்து."

"சரி."

"டேட் ஆஃப் பெர்த், கோலன், ட்வென்ட்டி ஒன், டூ, நைன்டீன் ஃபிஃப்டி ஃபோர்."

"ட்வென்ட்டி ஃபைவ், செவன், நைன்டீன் ஃபிஃப்டி த்ரீ" என்றான் ஜெயக்கொடி.

வெள்ளைத்துரையின் கை சிவப்புப் பேனாவை எடுத்தது. அடித்தது. மேலே எழுதியது. ஓரத்தில் 'வெ' என்று போட்டது.

"இன் வேர்ட்ஸ், கோலன், ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் ஃபெப்ருவரி நைன்டீன் ஃபிஃப்டி ஃபோர்."

"ட்வென்ட்டி ஃபிஃப்த் ஜூலை நைன்டீன் ஃபிஃப்டி த்ரீ."

பேனா மறுபடி ஓடியது. மறுபடி 'வெ'.

"ஐடென்டிஃபிகேஷன் மார்க்ஸ், கோலன், எ மோல் ஆன் தி லெஃப்ட் ஃபோர்ஆர்ம்."

"சரி."

"எ ஸ்கார் அபவ் தி ரைட்..."

"மாமா!"

வாசலில் சிக்கந்தர். கையில் காற்றடிக்கிற பம்பு. கண் தாளின்மேல்.

"மாமா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

வெள்ளைத்துரை தாளைப் பார்த்தார். வேறு யாரோ அடித்த தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இரண்டு வரிகளிலும் சிவப்பு மை இன்னும் காயவில்லை. பேனாவை மெதுவாக மூடிவைத்தார்.



"ஏண்டா சொன்ன?" என்றார் அப்பா. கோர்ட் குரல் போய்விட்டிருந்தது.

"நீங்க படிச்சீங்க. நான் சொன்னேன்."

"நான் ஏண்டா திருத்துனேன்?"

சிக்கந்தர் பம்பைத் தரையில் போட்டான்.

"ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கா? ஒரு தேதி! அதுக்காகத்தான நான் மாட்டுக்குப் பின்னாடி ஓடினேன்? எங்க அத்தா என்னை ஏழு வயசுல பள்ளிக்கூடத்துல சேர்த்தாரு, சோம்பேறித்தனத்துல. வாத்தியாரு வயசைக் குறைச்சுப் போட்டுக்கிட்டாரு. அந்த மனுஷன் புள்ள பரீட்சை எழுதப் போறான். நீங்க..." நிறுத்திக்கொண்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, விடுங்க. மணி ஒண்ணு. இப்பவே மிதிச்சா ரெண்டு மணிக்குள்ள டாக்டரைப் புடிச்சிரலாம். இன்னொரு தாள் வாங்கிட்டு மூணரைக்கு வந்துருவேன். மாமா அடிச்சுக் குடுக்கட்டும். அஞ்சு மணிக்கு இன்னும் எம்புட்டோ நேரம் இருக்கு."

"போயிட்டு வா" என்றார் வெள்ளைத்துரை. தலை நிமிரவில்லை. "திரும்ப அடிச்சுத் தாரேன். இந்தத் தடவை ஒப்பிட வேணாம்."

ஜெயக்கொடி அப்பாவைப் பார்த்தான். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. சிக்கந்தர் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வேணாம்டா" என்றான் ஜெயக்கொடி.

"என்ன வேணாம்?"

"போக வேணாம்."

"மாப்ள, ஹரிச்சந்திரன் வேஷம் போடுற நேரமா இது?"

"அதெல்லாம் இல்லை. தாளு வரும். அய்யா அடிப்பாரு. கவரும் போயிரும். இன்டர்வியூல எவனாவது காப்பியை எடுத்து வச்சுக்கிட்டு, 'டேட் ஆஃப் பெர்த்'னு படிப்பான்ல? நான் அம்பத்து மூணுன்னுதான் சொல்லுவேன். எனக்கே தெரியாமச் சொல்லிருவேன். இப்ப பாத்தேல்ல? வேலை கெடைச்சாலும் வருஷா வருஷம் யாராவது படிப்பான். என்னால முடியாதுடா."

சிக்கந்தர் பம்பைக் குனிந்து எடுத்தான்.

ஜெயக்கொடி படிவத்தை இழுத்து, காலியாக இருந்த கட்டத்தில் 25-7-1953 என்று எழுதினான். சிவப்பு மை உலர்ந்த நகலை அதன் பின்னால் வைத்துக் குத்தினான்.

"அதை ஏன் மாப்ள குத்துற? தெரிஞ்சே குப்பைக்கு அனுப்புறியா?"

"போஸ்டல் ஆர்டர் அவங்க பேருல எடுத்தாச்சு. அவங்களே தள்ளட்டும்."

"எப்படியோ மாட்டு டாக்டர் தப்பிச்சாரு" என்றான் சிக்கந்தர். ராமக்காள் மூன்று தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தாளைப் பார்த்தாள்; அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, சிவப்பு தெரியும். குழம்பை ஊற்றினாள். வெள்ளைத்துரை தட்டை நகர்த்தவும் இல்லை, தொடவும் இல்லை. மெஷினுக்கு உறையைப் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டினார்.

மூன்றரை மணிக்கு ரயிலடி ஆர்.எம்.எஸ்.ஸில் ஜெயக்கொடி கவரை நீட்டினான். குமாஸ்தா எடை போட்டார், ஸ்டாம்பை ஒட்டச் சொன்னார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் நின்றவர் முட்டினார். நகர்ந்துகொண்டான்.

வெளியே சிக்கந்தர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டீ குடிக்கிறியா?"

"இல்லடா. அவனியாபுரம் போறேன்."

"இப்பவா? நானும் வாரேன்."

"வேணாம். நீ போய்ப் படி. உனக்குப் பரீட்சை இருக்கு."

சிக்கந்தர் ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு, தன் சைக்கிளில் ஏறிப் போனான்.

அவனியாபுரத்தில் கான்ட்ராக்டர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டடம் ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நின்றது.

"என்னப்பா இன்ஜினியரு, இன்னைக்கு வரமாட்டேன்னு சொன்னியே?"

"நாளையிலருந்து முழு நாள் வாரேண்ணே. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ஏன், பரீட்சை என்னாச்சு?"

"இல்லேண்ணே."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜெயக்கொடி சொல்லியிருப்பான். சொல்லக் கஷ்டமாக ஒன்றும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

"வந்தது வந்துட்ட. அந்தா, காலையில ஜல்லி வந்து எறங்கிருக்கு. லாரிக்காரன் ரெண்டு யூனிட்டு, இருநூறு கன அடிங்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. அளந்து போடு."

ஜெயக்கொடி செருப்பைக் கழற்றாமல் ஜல்லிக் குவியலைச் சுற்றி வந்தான். டேப்பின் நுனியை ஒரு கல்லுக்கு அடியில் செருகினான். இழுத்தான். நீளம் பன்னிரண்டடி ஆறு அங்குலம். அகலம் எட்டு. உயரம் மூன்று இடங்களில் எடுத்தான், சராசரிக்காக. ஒன்றே முக்கால் யூனிட்டுக்கு மேல் தேறாது. நோட்டில் குறித்துக்கொண்டு, இன்னொரு தடவை அளக்க மறுபக்கம் போனான்.